உங்கள் முன்னேற்றத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கைக் கணக்கிடும் முறை

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் குலுக்கல் போலக் கணினி தரும் பத்து இலக்கச் சமவாய்ப்பு எண் (ரேண்டம் எண்) ஒதுக்கப்படுகிறது. கட்-ஆஃப் மதிப்பெண், கணித, இயற்பியல் மதிப்பெண்கள் முதல் பிறந்த தேதி வரை எல்லாவற்றிலும் இருவர் சமமாக இருந்தால், அந்த எண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. இங்கே அதிர்ஷ்டம் வெளிப்படையாகத் தெரிகிறது. வாழ்க்கையின் மற்ற இடங்களில் அதை நாமேதான் தேடி எழுத வேண்டும்.

பள்ளிப் பருவம் முதல் இன்றைய பதவி வரையிலான திருப்பங்களை ஒரு தாளில் ஆண்டு வரிசையில் எழுதி, ஒவ்வொன்றும் நடப்பதற்கு உங்கள் கையில் இல்லாத எது துணைநின்றது என்பதை எதிரே குறியுங்கள். "நன்றாகப் படித்தேன்" என்று எழுதியதோடு நிறுத்திவிடாமல், படிக்க வீட்டில் இடம் இருந்ததா, பாடத்துக்கு ஆசிரியர் இருந்தாரா, தேர்வுக் காலத்தில் தண்ணீர் பிடிப்பதும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் யார் தலையில் விழுந்தன என்று கேளுங்கள். பல வீடுகளில் அவை அக்காவின் தலையில்தான் விழுந்திருக்கும். அவருடைய படிப்பு எந்த வகுப்போடு நின்றது என்பதையும் அதே வரியில் எழுதுவதுதான் நேர்மை.

சாதி, பாலினம், பிறந்த ஊர் ஆகியவற்றுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். வாடகைக்கு வீடு தேடியபோது எவரும் உங்கள் சாதியை விசாரிக்கவில்லை என்றால், அதுவும் வரவுதான்.

பொது ஏற்பாடுகளை இவற்றோடு கலக்காதீர்கள். 1956-இல் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் விரிவடைந்த சத்துணவும், பேருந்துக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டமும் தற்செயலாக வந்தவை அல்ல. பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பிறப்பின் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது என்று போராடியவர்களாலும் சட்டம் இயற்றியவர்களாலும் வந்தவை. இவற்றால் பயனடைந்தவர் அதை மறைக்க வேண்டியதில்லை.

இதனால் உங்கள் உழைப்பின் மதிப்பு குறைந்துவிடாது. உங்களைப் போலவே உழைத்தும் பின்தங்கிய ஒரு வகுப்புத் தோழரை நினைத்து, இருவர் தாள்களும் எந்த வரியில் பிரிகின்றன என்று பாருங்கள். அந்த வேறுபாட்டைச் சட்டமோ நிறுவனமோ சரிசெய்ய முடியுமா என்பதே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி.

ஆளெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தத் தாளை நேர்முகத் தேர்வுக்கு முன் ஒருமுறை படியுங்கள். விண்ணப்பத்தில் படிப்பு ஓராண்டு தடைப்பட்டிருந்தால், அதை வைத்தே ஒருவரை ஒதுக்காமல், அந்த ஆண்டு வீட்டில் என்ன சூழ்நிலை இருந்தது என்பதைச் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள்.