கெற்றப்போல் போட்டிக்கு எந்த உருக்குக் குண்டு?

மாங்காய்க்குக் கெற்றப்போல் (உண்டிவில்) பிடித்த வயதில் குண்டைப் பற்றி எவரும் யோசித்ததில்லை. ஒழுங்கையில் கிடந்த கல்லே போதுமாயிருந்தது. இலக்கு வைத்துப் போட்டிக்காக எய்யத் தொடங்கியதும் அந்தக் கவலையீனம் உதவாது. ஒரே அளவாக இழுத்து ஒரே விதமாக விட்டாலும், குண்டுகள் தமக்குள் ஒத்திராவிட்டால் பிழை கையிலா குண்டிலா என்று பிரித்தறிய முடியாமற் போய்விடும். ஆகவே எந்த அளவை எடுப்பது என்பதிலும் பார்க்க, எடுத்த அளவை ஒரு பருவமாவது மாற்றாமல் வைத்திருப்பதே முக்கியம் என்பது என் கருத்து.

இலக்கு எய்தலுக்குப் பொதுவாகப் பயன்படுபவை 7, 8, 9.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள குண்டுகள். அவற்றின் எடை முறையே ஏறத்தாழ 1.4, 2.1, 3.5 கிராம். விட்டம் சிறிது கூடினாலும் எடை விட்டத்தின் கனத்துக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப ஏறுவதால், 8 இலிருந்து 9.5 க்குப் போகும்போது குண்டு ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பாரமாகிறது. புதிதாகப் பழகுபவர்களுக்கு 9.5 நல்லது; குண்டை வைத்து இழுக்கும் தோல் துண்டுக்குள் அது எங்கே இருக்கிறது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரிவதால், நடுவில் வைத்துப் பிடிக்கக் கை விரைவில் பழகிவிடும். பிடி உறுதியான பின் 8 க்கு மாறலாம். 7 மில்லிமீற்றர் குண்டு வேகமாகவும் தட்டையாகவும் போகும் என்பது உண்மைதான். ஆனால் தோலில் அது ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் இலக்கில் தெரிந்துவிடும்.

குண்டை றப்பரிலிருந்து பிரித்துத் தெரிவு செய்ய முடியாது. தடித்த றப்பர்ப் பட்டியில் சிறிய குண்டை வைத்தால், குண்டு கொண்டுபோக முடியாத விசை பட்டியிலும் தோலிலும் தங்கி, திரும்பி வந்து கையில் அடிக்கும். பட்டியும் விரைவில் அறும். மெல்லிய பட்டியில் பெரிய குண்டை வைத்தால் அது சோம்பலாகப் போய்க் கீழே விழும். இதைக் கணக்காகவே பார்க்கலாம். கிடையாக விடப்பட்ட குண்டு செக்கனுக்கு 60 மீற்றர் வேகத்தில் 10 மீற்றர் தூரத்தைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 13.5 சென்ரிமீற்றர் தாழ்கிறது; வேகம் 50 ஆகக் குறைந்தால் அந்தத் தாழ்வு 19.5 ஐத் தாண்டிவிடும். ஆறு சென்ரிமீற்றர் வித்தியாசம் ஒரு சிறிய தகட்டு இலக்கை முழுதாகத் தவறவிடப் போதுமானது. குண்டின் அளவை மாற்றுகிறவர் குறிபார்க்கும் இடத்தையும் புதிதாகப் பழக வேண்டியிருப்பது இதனால்தான்.

வாங்கும்போது அங்குலமும் மில்லிமீற்றரும் குழம்புவதைக் கவனியுங்கள். "எட்டு" என்று தரப்படுவது சிலவேளை 5/16 அங்குலமாக, அதாவது 7.94 மில்லிமீற்றராக இருக்கும். இந்த வித்தியாசம் 10 மீற்றரில் சில மில்லிமீற்றர்தான் என்பதால் பயப்படத் தேவையில்லை, ஆனால் இரண்டையும் ஒரே போத்தலில் கலக்க வேண்டாம். விட்டத்தை அளக்கும் நுண்மானி இல்லாதவர்களுக்குத் தராசு போதும்: நூறு குண்டுகளை எண்ணி நிறுத்தால் 8 மில்லிமீற்றர் ஏறத்தாழ 210 கிராமும், 5/16 அங்குலம் ஏறத்தாழ 205 கிராமும் காட்டும். 195 கிராம் காட்டினால் உங்களுக்குக் கிடைத்தது 7.8 மில்லிமீற்றர். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகைவேலை செய்யும் ஒருவரைத் தெரிந்திருந்தால், அவருடைய தராசில் பத்துக் குண்டுகளைத் தனித்தனியாக வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

குண்டுகளுக்கு இடப்படும் "ஜி" என்ற தரக் குறியீட்டில் எண் சிறிதாக இருந்தால் உருண்டை திருத்தமானது. ஜி100 தரக் குண்டின் உருண்டைப் பிழை 2.5 மைக்ரோமீற்றர் அளவுதான். ஜி1000 கூட நமது தேவைக்குத் தாராளம். ஜி10 க்குக் காசு கொடுப்பது வீண்.

உலோகத்தைப் பொறுத்தவரை, சாதாரண காபன் உருக்கே போதும். குரோம் உருக்கு என்ற பெயரைக் கேட்டு அது கறள் பிடிக்காது என்று எண்ணுபவர்கள் உண்டு. பேரிங்கில் பயன்படும் அந்த உருக்கில் குரோமியம் ஏறத்தாழ ஒன்றரை வீதமே இருப்பதால் அதுவும் கறள் பிடிக்கும். நமது உப்புக்காற்றிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும், திறந்த ரின்னில் விட்ட குண்டுகள் மண்ணிறமாக அதிக நாள் செல்லாது. தையல் மெசின் எண்ணெய் சில துளிகள் விட்டு, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் வைத்து, எய்யுமுன் துணியால் நன்றாகத் துடையுங்கள். எண்ணெய்ப்பசை இருந்தால் குண்டு தோலில் வழுக்கும். 304 ரகத் துருப்பிடிக்காத உருக்குக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் காந்தம் அதை இழுக்காது. செம்மண் வளவில் குண்டு தேடியவர்களுக்குப் பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தின் அருமை தெரியும்.

சைக்கிள் கடையில் கிடைக்கும் பின்சில்லுக் குண்டு பெரும்பாலும் 1/4 அங்குலம். எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல். முன்சில்லுக் குண்டு அதிலும் பாதி கூட இல்லை. மிக மெல்லிய பட்டியில் பழகுவதற்கு மட்டும் பின்சில்லுக் குண்டு உதவும். பழைய பேரிங்கைச் சுத்தியலால் உடைத்துக் குண்டு எடுக்க வேண்டாம். கடினமான அந்த வளையம் சிதறிக் கண்ணுக்குள் பாயும்.

உருக்குக் குண்டு கல்லிலோ கிணற்றுக்கட்டிலோ பட்டால் எய்தவரை நோக்கியே திரும்பி வரலாம். ஆகையால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும், இலக்கின் பின்னால் பழைய சாரத்தை இரண்டு மடிப்பாகத் தளர்வாகத் தொங்கவிட்ட பெட்டியும் வேண்டும். கிடுகு வேலியை நம்ப வேண்டாம். குண்டு அதைத் துளைத்து அடுத்த வளவுக்குப் போய்விடும். பெட்டியின் அடியில் சேர்ந்த குண்டுகளை எடுத்து, சற்றுச் சரித்து வைத்த கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, நேராக ஓடாமல் விலகுகிறவற்றை வேறு போத்தலில் போட்டுவிடுங்கள்.