கவுன்சலிங் அறையிலும் ‘சரிங்க’: தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கம் யாரையாவது புதிதாகப் பார்த்தால், ஊரையும் அப்பா பேரையும் கேட்ட கையோடு அடுத்த கேள்வி “என்னங்க பண்றீங்க?” என்பதுதான். சொந்தமாக நாலு தறி, ஒரு போர்வெல் ரிக் வண்டி, பத்து மெஷின் போட்ட யூனிட் என்றால் முகம் மலரும். சம்பளத்துக்குப் போகிறேன் என்றால் “அப்படிங்களா” என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். திருப்பூரில் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் எனக்கு அந்த “அப்படிங்களா” ஒவ்வொரு கல்யாணத்திலும் குத்தியது. 38 வயதில்தான் கவுன்சலிங் போனேன். போன பிறகும் தவறாகவே நடந்து சில மாதங்களை வீணாக்கினேன். உங்களுக்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

“என் குணமே இப்படி” என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. தன்னைத் தாழ்வாக நினைப்பது தனி நோய் அல்ல, பிறவிக் குணமும் அல்ல. சின்ன வயதில் திரும்பத் திரும்பக் கேட்ட “நீ ஒண்ணுக்கும் ஆக மாட்ட” என்ற பேச்சிலிருந்தோ, வகுப்பில் பட்ட அவமானத்திலிருந்தோ மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அப்புறம் அது வெளியே தெரியாமல் இருக்க நாமே சட்டம் போட்டுக்கொள்கிறோம்: மறுத்துப் பேசக் கூடாது, நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூடாது, தப்பே வரக் கூடாது. சட்டத்தை மீறாமலே இருப்பதால் அந்த முடிவு சரியா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே வருவதில்லை. 1960களில் ஆரோன் பெக் மனச்சோர்வுக்காக உருவாக்கிய சிபிடி என்ற, எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்றும் பேச்சுச் சிகிச்சை முறை கை வைப்பது இந்த இடத்தில்தான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்ற எண்ணமே ஓடினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. உயிரை விடும் எண்ணம் வந்தால் அந்த நிமிஷமே 14416-ஐ அழையுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை அது. இலவசம், தமிழில் பேசலாம்.

யாரிடம் போவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். கவுன்சலிங் என்று போர்டு மாட்டியவர்கள் எல்லோரும் அதைப் படித்தவர்கள் அல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. “உங்களுக்கு என்னங்க குறை, தைரியமா இருங்க” என்று முதல் நாளே புத்தி சொல்லி அனுப்புகிறவரிடம் மறுபடியும் போகாதீர்கள். சொன்னது ஒறம்பரைக்குள், அதாவது சொந்தக்காரர்களுக்குள், பரவிவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து மாதிரியான சில நிலைமைகள் மட்டுமே விலக்கு. அப்படியும் மனசு ஒப்பவில்லையென்றால் பக்கத்து ஊரில் பாருங்கள். நான் திருப்பூரை விட்டுக் கோயம்புத்தூரில்தான் பார்த்தேன்.

இனி, நான் செய்ததிலேயே பெரிய தவறு. கவுன்சலரிடமும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன்.

வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் போவேன். “இந்த வாரம் எப்படிப் போச்சு?” “நல்லா இருந்துச்சுங்க.” “தாள் எழுதினீங்களா?” “எழுதினேங்க.” என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று தினமும் கட்டங்களில் எழுத வேண்டிய தாள் அது. நான் தினமும் எழுதவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். ஒரே நாளில் எழுதியது தெரியக் கூடாது என்று மூன்று பேனா வைத்திருந்தேன்.

ஐந்தாவது வாரம் அவர் கேட்டார், “நான் சொன்னதுல உங்களுக்கு எது ஒத்து வரலை?”

“எல்லாம் சரிதாங்க மேடம்.”

அவர் ஒன்றும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. காது சூடாகிவிட்டது எனக்கு. “தாளை வர்ற வழியிலதான் எழுதினேனுங்க. அந்த மூச்சுப் பயிற்சியும் எனக்குப் பிடிக்கலீங்க.”

“பிடிக்கலைன்னு சொன்னா நான் என்ன செய்வேன்னு நெனச்சீங்க?”

“இனிமே வராதீங்கன்னு சொல்லிருவீங்கன்னு...”

அதற்கு முந்தைய நாலு வாரத்தில் பேசியதைவிட அந்த முக்கால் மணி நேரத்தில் பேசியது அதிகம். தன்னைத் தாழ்வாக நினைக்கிறவர் வெளியில் எந்தச் சட்டத்தோடு வாழ்கிறாரோ, அதே சட்டத்தோடுதான் அந்த அறைக்குள்ளும் நுழைகிறார். ‘ங்க’ போட்டுப் பேசுவது நமக்கு அழகு, அது இருக்கட்டும். மறுப்பையும் ‘ங்க’ போட்டே சொல்லலாம்: “இது எனக்கு ஒத்து வரலீங்க.”

கண்ணாடி முன் நின்று “நான் சிறந்தவன்” என்று சொல்லிக்கொள்வதையும் நான் விட்டுவைக்கவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் இப்படி ஒரு வாசகத்தைத் திரும்பச் சொன்னபோது மனநிலை இன்னும் மோசமானது. உள்ளே நம்பாத ஒன்றைச் சொன்னால் மனம் உடனே எதிர்வாதம் பண்ணத்தானே செய்யும்?

தைரியம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருப்பதும் வேண்டாம். முதலில் சின்னதாகச் செய்து பார்க்க வேண்டும். காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்முன் நோட்டில் எழுதினேன்: “சம்பளத்துக்குப் போறேன்னு சொன்னா பேச்சை நிறுத்திருவாங்க, 90 சதவீதம் நிச்சயம்.” மூன்று பேரிடம் சொன்னேன். ஒருவர் “அப்படிங்களா” என்று நகர்ந்துவிட்டார். இன்னொருவர் வேலை நேரம் பற்றிக் கேட்டார். மூன்றாவதாக ஒரு பெரியவர், “எம்பட பேத்தி ஃபேஷன் டிசைன் படிக்கிறாங்க, உங்க கம்பெனியில ட்ரெய்னிங் எடுப்பாங்களா?” என்று பந்தியில் பாயசம் வரும்வரை விடவில்லை. டியூப் லைட்டில் ஒத்துப்போகும் துணி பகல் வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும் என்பதால், லைட் பாக்ஸில் வெவ்வேறு விளக்கில் பார்க்காமல் நான் எந்த ஷேடுக்கும் ஓகே சொன்னதில்லை. என்னை மட்டும் இத்தனை வருஷமாக ஒரே விளக்கில் பார்த்திருக்கிறேன்.

காரணம் புரிந்த சூட்டில் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் கணக்குக் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் எப்படி என்பதைக் கவுன்சலரிடம் முதலில் பேசுங்கள்.

இரண்டு தடவை போய்விட்டு நிறுத்துவதும் நடக்கிறது. வாரம் ஒன்றாகச் சில மாதங்கள் ஆகும். அப்படியும் பலன் இல்லையென்று தோன்றினால், போனை எடுக்காமல் ஒளியாதீர்கள். ஒரு தடவை நேரில் போய் “எனக்கு இது உதவலீங்க” என்று சொல்லுங்கள். நல்ல கவுன்சலர் முறையை மாற்றுவார், இல்லையென்றால் வேறு ஒருவரைக் கை காட்டுவார்.