கொழும்புக் கடலில் அறக்குளா: இருவருக்கு ஒரு காலை இழுவைத் தூண்டில்

இழுவைத் தூண்டில் என்றால் ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துப் பிடிப்பது. வெளிநாட்டில் சல்மன் மீனை இப்படிப் பிடிப்பதைப் பார்த்து இங்கேயும் முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. சல்மனுக்குக் குளிர்ந்த கடல் வேண்டும். நம் பக்கம் அது வராது. படகில் இருவர் போய் இழுவைத் தூண்டில் போடுகிற அதே வேலைக்குக் கொழும்பில் அறக்குளா (வஞ்சிரம்) இருக்கிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை போகலாம். மே மாதம் சோளகம் (தென்மேல் பருவக்காற்று) எழும்பினால் சின்னப் படகைக் கரையில் ஏற்றிவிடுங்கள்.

18 அடி பைபர் படகும் 25 குதிரைவலு என்ஜினும் போதும். டூ ஸ்ட்ரோக் என்றால் பெரும்பாலும் 20 லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லிலீற்றர் ஒயில். என்ஜின் புத்தகம் வேறு கணக்குச் சொன்னால் அதுதான் சரி. எரிபொருளில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மூன்றாம் பங்கில் கை வைக்கக் கூடாது. உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும், படகின் அடியில் அல்ல. துறைமுக வாயிலையும் நங்கூரமிட்ட கப்பல்களையும் விட்டு விலகியே ஓடுங்கள். விடியமுன் இறங்கினால் காலைக் கரைக்காற்றில் கடல் தணிந்திருக்கும். மதியக் கடற்காற்று எழும்பமுன் திரும்பிவிடுங்கள்.

மீன் தப்புவது பெரும்பாலும் தூண்டிலின் கடைசி முழத்தில்தான். அறக்குளாவின் பல் தங்கூசை (நைலோன் நூலை) ஒரே கடியில் வெட்டும். ஆகவே 30 இறாத்தல் பாரம் தாங்கும் நூலின் முனையில் ஒன்றரை அடி ஒற்றைக் கம்பி கட்டுங்கள். கம்பியை இரையின் வளையத்தில் கோத்து, இரண்டு இழையும் ஒன்றையொன்று சமமாகச் சுற்றும்படி ஐந்து முறுக்கு, பிறகு நெருக்கமாக நான்கு சுற்று. ஒரு இழை நேராக நிற்க மற்றது மட்டும் அதைச் சுற்றினால் பாரம் ஏறும்போது வழுகிவிடும். மிச்சக் கம்பியைக் குறட்டால் வெட்டாதீர்கள். முன்னும் பின்னும் வளைத்து முறியுங்கள். வெட்டிய முனை கையைக் கிழிக்கும். நூலையும் கம்பியையும் இணைக்கும் சுழல்வளையமான சுவிவல் சின்னதாக, கறுப்பாக இருக்கட்டும். மினுங்கினால் மீன் அதையே கடிக்கும், கம்பிக்கு மேலே நூல் போய்விடும்.

15 சென்ரிமீற்றர் மீன்வடிவப் போலி இரை இரண்டு: ஒன்று 25 மீற்றர் பின்னால், மற்றது 40. வேகம் ஐந்து, ஆறு நொட். இரை பக்கவாட்டில் புரண்டு மேலே வந்தால் வேகம் கூடிவிட்டது, அல்லது கொளுக்கியில் குப்பை மாட்டியிருக்கிறது. குறுகத் திரும்பினால் இரண்டு நூலும் பின்னிக்கொள்ளும், அகலமாக வளையுங்கள்.

மழைக்குப் பிறகு களனி கங்கை கொட்டும் மண்ணிறத் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கும் கோடு முகத்துவாரத்துக்கு வெளியே கண்ணுக்கே தெரியும். தெளிந்த பக்கமாக அந்தக் கோட்டுக்கு அருகிலேயே ஓட்டுங்கள்.

ரீலில் நூல் எவ்வளவு இழுத்தால் கழன்று ஓடும் என்பதை வைக்கும் இறுக்கிதான் ட்ராக். அதைக் கரையிலேயே கொளுக்கித் தராசில் மூன்றரைக் கிலோவுக்கு வையுங்கள். மீன் அடித்ததும் என்ஜினை நிறுத்தினால் நூல் தளர்ந்து கொளுக்கி கழன்றுவிடும். சுக்கான் பிடிப்பவர் மெல்ல முன்னே ஓட்டியபடி மற்ற நூலைச் சுருட்ட வேண்டும். றொட்டை (தூண்டில் தடியை) பிடித்திருப்பவருக்கு மீனைத் தவிர வேறு வேலை இல்லை. முதல் ஓட்டத்தில் ட்ராக்கை இறுக்கத்தான் கை துடிக்கும். தொடாதீர்கள்.

படகருகே வந்ததும் கொளுக்கித் தடியைத் தலைக்குப் பின்னால் மாட்டி ஒரே வீச்சில் உள்ளே எடுங்கள். வாயருகே கை கொண்டுபோக வேண்டாம், செத்த பிறகும் பல் பல்தான். செவுளை வெட்டி இரத்தம் வடித்து, இரண்டு பங்கு ஐஸ் ஒரு பங்கு கடல்தண்ணீர் கலந்த ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) பெட்டியில் உடனே அமிழ்த்துங்கள். வெயிலில் கிடந்த அறக்குளாவில் ஹிஸ்டமின் என்ற நச்சு ஊறும். அது கொதிக்க வைத்தாலும் போகாது, தின்றவருக்கு முகம் சிவந்து தலை இடிக்கும்.

கரையில் ரீலை நல்ல தண்ணீரால் கழுவி, ட்ராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடி விட்டால் உள்தட்டுகள் ஒட்டி, அடுத்த முறை முதல் இழுப்பிலேயே நூல் அறும்.