ஃபைல் டிஸ்கிரிப்டர் திருத்தமா? எஃப்டி_இன்ஸ்டால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

லினக்ஸ் கெர்னலில் ஃபைல் கையாளும் பகுதிக்கு மூன்று வரித் திருத்தம் வந்தால், அந்த மூன்று வரியோடு நிறுத்திவிடாதீர்கள். திருத்தத்தைக் காட்டும் கிட் ஷோ கட்டளையில் பெரிய எழுத்து ‘-டபிள்யூ’ சேர்த்தால் முழு ஃபங்ஷனும் விரியும். கோளாறு பல நேரம் மாறாத வரிகளில்தான் இருக்கும்.

முதலில் எஃப்டி_இன்ஸ்டால் அழைப்பைத் தேடுங்கள். ஃபைல் டிஸ்கிரிப்டர் என்பது திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்; அந்த எண்ணுக்கு எதிரே ஃபைலை ப்ராசஸின் டேபிளில் பதிப்பது இந்த அழைப்புதான். கெட்_அன்யூஸ்டு_எஃப்டி_ஃபிளாக்ஸ் எண்ணை ஒதுக்கி மட்டுமே வைக்கிறது. இன்ஸ்டால் ஆன நொடியே அந்த எண் அதே ப்ராசஸின் எல்லா த்ரெட்டுக்கும் திறந்துவிடும். இன்னொரு த்ரெட் எண்ணை ஊகித்து க்ளோஸ்கூடச் செய்யலாம். அதன்பின் யூசர் நினைவகத்துக்கு நகலெடுக்கும் காப்பி_டு_யூசர் தோற்று, பிழைப் பாதையில் ஃபைலின் ரெஃபரன்ஸை விடும் எஃப்புட் அழைத்தால், டேபிளுக்குக் கொடுத்துவிட்ட ரெஃபரன்ஸை நாமே விடுவிக்கிறோம். விடுவித்த நினைவகத்தைச் சுட்டும் பாயின்ட்டர் டேபிளில் மிஞ்சும். விஎம்வேர் கிராஃபிக்ஸுக்கான விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் டிரைவரின் பாதுகாப்புக் குறை சிவிஇ-2022-22942 இதே தவறுதான்.

சரியான வரிசை: எண்ணை ஒதுக்கு, ஃபைலை உருவாக்கு, யூசருக்கு நகலெடு, கடைசியில் இன்ஸ்டால். அதற்குப் பின் தோற்கக்கூடிய ஒரு வரிகூட இருக்கக் கூடாது. ஃபைலை உருவாக்கிய பின், இன்ஸ்டாலுக்கு முன்பே தோற்றால், ஒதுக்கிய எண்ணைத் திருப்பித் தரும் புட்_அன்யூஸ்டு_எஃப்டி, எஃப்புட் இரண்டும் வேண்டும். ஒன்றை விட்டாலும் கசிவுதான்.

பிழை வந்தால் கோட்டூ தாவிப் போகும் லேபிள்கள், எடுத்த வரிசைக்குத் தலைகீழாக விடுவிக்க வேண்டும். கண்ணில் படாமல் நழுவுவது ஒன்று உண்டு: பிழை எண்ணை வைக்காமலே கோட்டூ போவது. ஃபங்ஷன் திருப்பித் தரும் ‘ரெட்’ 0 ஆகவே இருக்க, தோல்வி வெற்றியாகத் திரும்பும்.

எந்த கமிட்டின் பிழை சரிசெய்யப்படுகிறது என்று சொல்லும் ஃபிக்சஸ் வரியில் கமிட் ஹாஷின் முதல் 12 எழுத்தாவது இருக்கட்டும்; அந்த கமிட்தான் உண்மையில் பிழையைக் கொண்டுவந்ததா என்று திறந்தும் பாருங்கள்.