உபதேசியாரைப் பாதிரியார் ஆக்கிவிடாதீர்கள்

"உபதேசியார் பூசை வைத்தார்" என்று ஒரு கதையிலோ மொழிபெயர்ப்பிலோ வந்தால், கோயில் மணி கேட்டு வளர்ந்தவர்கள் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். பூசை, அதாவது திருப்பலி, வைக்கக் குருப்பட்டம் வேண்டும்; அது பாதிரியாருக்குத்தான் உண்டு. உபதேசியாருக்கு அது கிடையாது, அவர் பட்டம் பெறாத சாதாரணச் சபையார், அதாவது பொதுநிலையினர். ஜெபம் சொல்லிக்கொடுப்பது, முதல் நற்கருணைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது, குரு வராத ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது இவையெல்லாம் அவர் பாடு. பூசையும் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பதும் குருவுக்கு உரியவை. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளிலும் உபதேசியார் பிரசங்கம் செய்வார்; திருவிருந்து கொடுக்கக் குருவானவர்தான் வரவேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் மறுபக்கம் சறுக்குவதும் உண்டு. பழைய பதிவேட்டில் "உபதேசியார் ஞானஸ்நானம் கொடுத்தார்" என்று கண்டால் பிழை என்று அடித்துவிடுகிறார்கள். அடிக்க வேண்டாம். குரு இல்லாத இடத்தில், ஆயர் (பிஷப்) அதற்கென்று நியமித்த உபதேசியார் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுக்கலாம் என்று 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 861ஆம் எண் சொல்கிறது. சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஞாயிறு பள்ளி வாத்தியார் என்று சுருக்குவதும் சரியில்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு, வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தவர். அவர் கிளம்பிய பிறகு ஜெபங்களை ஜனங்கள் மறக்காமல் பார்த்துக்கொள்ள, ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளை என்ற பெயரில் ஆள் நியமித்தார். தரங்கம்பாடி மிஷனில் உபதேசியாராக இருந்த ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்று, லுத்தரன் சபையின் முதல் இந்தியக் குரு ஆனார். ஆகவே ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது எந்த ஆண்டுவரை உபதேசியார், எந்த ஆண்டிலிருந்து குரு என்று பிரித்து எழுத வேண்டும். பட்டம் பெறாமலே கடைசிவரை உபதேசியாராக இருந்தவர்கள்தான் அதிகம். 2021 மே 10 அன்று போப் பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாக நிறுவினார். அப்போதும் அது பொதுநிலையினர் பணியாகவே இருக்கிறது.

கத்தோலிக்கரிடம் இதே ஆளுக்கு வேதியர் என்ற பெயரும் உண்டு. வெளியாட்கள் இடறுவது இங்கேதான். பொதுத் தமிழில் வேதியர் என்றால் பிராமணர். வீரமாமுனிவரின் 'வேதியர் ஒழுக்கம்' உபதேசியார்களுக்கான வழிகாட்டி. தலைப்பை மட்டும் பார்த்தால் பிராமணர் ஆசாரம் பற்றிய நூல் என்றே தோன்றும். கிறிஸ்தவத் தமிழில் 'வேதம்' என்றால் அந்தச் சமயம், அந்த மறைநூல். தென்மாவட்டத்தில் வேதக்காரர், வேதக்கோயில் என்று சொல்வதும் இந்தப் பொருளில்தான்.

'ஐயர்' இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. சீகன்பால்கு ஐயர், ரேனியஸ் ஐயர், போப் ஐயர் (ஜி.யு. போப்) ஆகியோர் இங்கே வந்த மிஷனரிகள்; ஜெர்மானியரும் ஆங்கிலேயரும். அங்கே ஐயர் என்பது சாதிப் பெயர் அல்ல, குருவானவருக்கான மரியாதைச் சொல். நெல்லைச் சீமையில் குருவானவரின் மனைவியை ஐயரம்மா என்பார்கள். உபதேசியாருக்கு இந்த 'ஐயர்' வராது. பழைய கடிதத்தில் ஒருவர் எந்த நிலையில் இருந்தார் என்று கண்டுபிடிக்க இதுவே நல்ல தடயம்.

பெருங்குழப்பம் ஆயர், பேராயர் இரண்டிலும்தான். கத்தோலிக்கத்தில் ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) பிஷப்பே பேராயர். பல இடங்களில் ஆயர் என்பது உள்ளூர்ச் சபையின் குருவானவர். பாளையங்கோட்டையில் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு ஓர் ஆயரும், திருநெல்வேலித் திருமண்டலத்துக்கு ஒரு பேராயரும் உண்டு. இருவரும் பிஷப்புகளே, பதவியில் ஏற்றத்தாழ்வு இல்லை. 'பேர்' என்ற முன்னொட்டை நம்பி ஒருவரை மற்றவருக்கு மேலே வைத்துவிட்டால் இரண்டு தரப்பிலும் முகம் சுளிப்பார்கள். எந்தச் சபை என்று முதலில் கேளுங்கள். பக்கத்தில் மறைமாவட்டம் என்று இருந்தால் கத்தோலிக்கம், திருமண்டலம் என்று இருந்தால் தென்னிந்தியத் திருச்சபை.

பாதிரியார் போர்ச்சுகீசியரின் 'பாத்ரே'யிலிருந்து வந்த சொல். தந்தை என்று பொருள். பெந்தெகொஸ்தே சபைகளில் யாரும் தங்கள் பாஸ்டரைப் பாதிரியார் என்று கூப்பிடுவதில்லை, செய்தித்தாள்கள்தான் கூப்பிடுகின்றன. 'மதபோதகர்' இன்னும் மோசம்: எந்தச் சபைக்குள்ளும் புழங்காத, செய்தி அறையில் பிறந்த சொல். வெறும் 'போதகர்' போதும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தின் எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர் வேறு, போதகர் வேறு. அங்கே போதகர் என்றால் கற்பிப்பவர். இன்று பேச்சில் மேய்ப்பரின் வேலை செய்பவரையே போதகர் என்கிறோம். வசனத்தை விளக்கும்போது இன்றைய பாஸ்டரை அந்தச் சொல்லுக்குள் அப்படியே நுழைத்தால் பொருள் திரும்பிவிடும்.

எழுத்திலும் கவனம் தேவை. ஒருவரை மரியாதையாகக் குறிக்க உபதேசியார். பலர் என்றால் உபதேசியார்கள் அல்லது உபதேசிமார். துணைக்காலை விட்டு 'உபதேசியர்' என்று எழுதினால் பலர் என்று படிக்க இடமுண்டு. குரு, குருமார் என்று எழுதுவது பாதுகாப்பு. ஏனென்றால் 'குருக்கள்' கத்தோலிக்க ஏட்டில் பல குருக்களையும், சைவக் கோயிலில் ஒரே ஓர் அர்ச்சகரையும் குறிக்கும். யாழ்ப்பாணத்து வாசகருக்கு இரண்டாவதுதான் முதலில் தோன்றும்.