ஊர்க் காணி, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு: வன்னியில் விடுமுறை வீடு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி ஒருநாள் வீடியோவில் அழைத்தார். வட்டக்கச்சியில் அரை ஏக்கர் காணி, சின்ன வீடு. தரகர் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். "அண்ணை, மாமரம் மூண்டு நிக்குது, கட்டுக்கிணறும் இருக்கு. பிள்ளையள் லீவுக்கு வந்தால் வாய்க்காலில குளிப்பினம். அட்வான்ஸ் குடுக்கட்டோ?"

"மரம் ஓடாது தம்பி. காணி உறுதியை ஒருக்காப் படமெடுத்து அனுப்பச் சொல்லு."

வந்த படத்தில் நான்காய் மடித்த ஒரு தாள். மடிப்புக் கிழிந்த இடங்களில் டேப் ஒட்டியிருந்தது. தரகர் உறுதி என்று சொன்னது உறுதியே இல்லை, அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம். அதில் பெயருள்ளவர் இடம்பெயர்வுக்கு முன்பே இறந்துவிட்டார். விற்க வந்தவரோ அவருடைய மருமகன்.

கிளிநொச்சியில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் உறுதி எழுதும் வேலையில் இருக்கிறேன். இப்படியான தாளோடு வருகிறவர்களை மாதத்தில் பலமுறை காண்கிறேன். காசு கொடுப்பதற்கு முன் வருகிறவர்கள் கொஞ்சப் பேர்தான்.

எல்லாத் தவறுக்கும் மூலம் ஒன்று. எங்கள் ஊர், எங்கள் மண் என்ற உணர்வோடு வருகிறார்கள். அந்த உணர்வு உண்மையானது. ஆனால் பிரெஞ்சு, கனடா, பிரித்தானியக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை போய்விடுகிறது, இரட்டைக் குடியுரிமை பெற்றிருந்தால் ஒழிய. அதன்பின் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததாக, வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்றுவதைத் தடுக்கிறது. மீறி முடித்த உறுதி சட்டத்தின் முன் செல்லாது. 99 வருடம் வரையான குத்தகை மட்டும் எடுக்கலாம்.

இதற்கு விலக்குகள் உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். உரிமையாளரின் நெருங்கிய உறவினர் வெளிநாட்டவராக இருந்தாலும் முதுசமாகவோ, நன்கொடையாகவோ, மரணசாசனத்தாலோ காணி அவருக்கு வரலாம். அம்மா அப்பாவின் காணி பிள்ளைக்கு வருவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. வெளிநாட்டில் நிரந்தர வதிவுரிமை மட்டும் எடுத்து, இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவர் இன்னும் இலங்கையர்தான், அவருக்கு இந்தத் தடையே இல்லை. ஆகவே முதல் வேலை காணி தேடுவது அல்ல, உங்கள் நிலை என்ன என்று தெளிவது. இரட்டைக் குடியுரிமைக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் உறுதியில் கையெழுத்து. விண்ணப்பித்திருக்கிறேன் என்பது போதாது.

இங்கே பலர் செய்கிற காரியம், அலமாரியில் கிடக்கும் பழைய அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்து வைப்பது. அன்றைக்கு ஒருவரும் கேட்கமாட்டார்கள். பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போதோ, உங்களுக்குப் பின் பிள்ளைகள் உரித்துக் கோரும்போதோ அந்தக் கேள்வி வரும். அப்போது காணியும் இல்லை, கொடுத்த காசும் இல்லை.

இன்னொரு வழியாகச் சொல்லப்படுவது தங்கச்சியின் பெயரிலோ மச்சானின் பெயரிலோ எழுதுவது. தங்கச்சி நல்லவள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உறுதியில் பெயருள்ளவரே உரிமையாளர். அவருடைய கடன்காரர், விவாகரத்து, பிள்ளைகளின் முதுசம் எல்லாம் அந்தக் காணியைத் தொடும். காசு என்னுடையது என்று வழக்குப் போட்டால், தடைச் சட்டத்தைச் சுற்றிப் போகச் செய்த ஏற்பாட்டுக்கு நீதிமன்றத்தின் கையை எதிர்பார்க்கிறீர்கள். மிகக் கடினம். உறவும் போய்விடும்.

அடுத்ததுதான் வன்னிக்கே உரிய ஆபத்து, பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. உருத்திரபுரம், இராமநாதபுரம், வட்டக்கச்சி, முத்தையன்கட்டு, விசுவமடு என்று இந்த நிலத்தில் பெரும்பகுதி குளங்களை நம்பி அமைத்த குடியேற்றத் திட்டங்கள். அங்கே சனம் தலைமுறையாக வாழ்ந்தாலும் காணி பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. கையில் இருப்பது அனுமதிப்பத்திரமா (பெர்மிட்) அல்லது அளிப்பா (கிராண்ட்) என்று முதலில் பாருங்கள். இரண்டையுமே நினைத்தபடி விற்க முடியாது. உரிய அனுமதி இல்லாமல் செய்த கைமாற்றம் செல்லாது. அதனால்தான் தரகர்மார் முத்திரைத்தாளில் ஒரு 'உடன்படிக்கை'யும் ஒரு அற்றோணித் தத்துவமும் (தனக்காகக் காரியம் பார்க்க இன்னொருவருக்குக் கொடுக்கும் எழுத்து அதிகாரம்) எழுதித் தருகிறார்கள். அது காணி வாங்கியதாகாது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அற்றோணித் தத்துவமும் அவரோடு முடிந்துவிடும். பெர்மிட்காரர் இறந்திருந்தால், பின்னுரித்தாளராகப் பெயர் பதியப்பட்டவர் யார் என்பது பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில்தான் தெரியும். மருமகன் வீட்டில் இருக்கிறார் என்பதற்காக அவருக்கு விற்கும் உரிமை வந்துவிடாது. இந்த ஒரு விசாரிப்பைச் செய்யாமல் காசு இழந்தவர்களை நான் நேரே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

உறுதிக் காணி என்றால் நிம்மதிதான், ஆனாலும் வேலை இருக்கிறது. காணிப் பதிவகத்தில் தோம்பு (அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதி) எடுத்து, தாய் உறுதியிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று பாருங்கள். ஆட்சியுறுதி (நெடுங்காலம் ஆண்டதை வைத்து உரித்துக் கோரி எழுதிய உறுதி) ஒன்று நடுவே நின்றால் நின்று யோசியுங்கள். பத்து வருடம் தடையின்றி எதிருரிமையோடு ஆண்டால் உரித்துக் கோரலாம் என்பது பழைய சட்டம். ஆனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போரால் தன் உரிமையைக் கோர முடியாமற் போனவருக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. இடம்பெயர்ந்து போனவரின் காணியில் இருந்தவர் அந்தக் காலத்தை எண்ணி முடித்த ஆட்சியுறுதி என்றால், மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு ஏதும் உண்டா என்று தேடாமல் கை வைக்க வேண்டாம்.

தேசவழமை என்ற எங்கள் வழக்காற்றுச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். வட மாகாணத் தமிழருக்கு அது இன்றும் சட்டம். பிரிபடாத பங்கை விற்பதென்றால் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் போகாவிட்டால் பிறகு வழக்கு வரும். மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வன்னியில் எத்தனை வீடுகளில் அந்தக் கணவன் 2009இல் காணாமல் போனவர்! ஒரு அக்கா எங்கள் கந்தோரில் உறுதியை விரித்து வைத்தபடி, "அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டார். அவர் விற்க முடியாதவர் அல்லர், மாவட்ட நீதிமன்றத்தின் சம்மதத்தைப் பெற வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். அந்தக் காலத்தை அவருக்குக் கொடுங்கள். அவசரப்படுத்தி ஒரு கையெழுத்தை வாங்குவது அவருக்கும் அநியாயம், உங்கள் உறுதியிலும் ஓட்டை.

காணி நிற்கும் இடத்தையும் பாருங்கள். முல்லைத்தீவு, நாயாறு பக்கம் கடல் தெரிகிற வீடு என்றால், உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து உள்ளே 300 மீட்டர் வரை கரையோர வலயம், கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் வயலை மண் போட்டு நிரப்பி வீடு கட்டுவது கமநலச் சட்டப்படி குற்றம். குளத்து ஒதுக்கீட்டில் கட்டியது நிலைக்காது. காட்டோரக் காணி என்றால் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று கிராம அலுவலரையும் கூட்டிக்கொண்டு நடந்தே பாருங்கள். சர்வேயர் புதிதாக அளந்த வரைபடம் இல்லாமல் 'இந்தப் பூவரசிலிருந்து அந்தப் பனை வரை' என்று வாங்க வேண்டாம்.

காசு அனுப்பும் வழியும் சட்டப் பிரச்சினைதான். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, அனுப்பிய காசுக்கு எழுத்து இல்லை. உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டிலிருந்து முதலீட்டுக்கு வரும் பணத்துக்கான வங்கிக் கணக்கு) வழியாக வந்த பணமென்றால், பின்னொருநாள் விற்ற காசை வெளிநாட்டுக்குத் திருப்பி எடுக்க வழி உண்டு. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதைக் குறைக்க உறுதியில் பாதி விலை எழுதச் சொல்வார்கள். வழக்கென்று வந்தால் நீங்கள் கொடுத்ததாக நிரூபிக்கக்கூடியது அந்தப் பாதிதான். விற்பவரின் நொத்தாரிசையே நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டாம். முடித்த உறுதி உடனே பதியப்பட்டதா என்று நீங்களே தோம்பில் பாருங்கள். பதியாத உறுதியை, பிறகு வந்து முதலில் பதிந்த உறுதி வெல்லக்கூடும்.

வாங்கியபின் பூட்டிவிட்டுப் போவதிலும் ஆபத்து உண்டு. 2025 மார்ச் 28 வர்த்தமானி ஒன்று வடக்கில் சுமார் 5,900 ஏக்கரைக் குறித்து, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராதவை அரச காணியாகும் என்றது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதில் இருந்தன. எதிர்ப்பு எழுந்தது, உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பிறகு அது மீளப்பெறப்பட்டது. அந்த மூன்று மாதமும் வெளிநாட்டில் இருந்தவர்கள் பட்ட பதைப்பை எங்கள் கந்தோரின் தொலைபேசி அறியும். உறுதியின் பிரதி ஒன்றை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள், பிரதேச சபை வரியை உங்கள் பெயரில் கட்டுங்கள், வேலியை அடைத்து வையுங்கள். வீட்டைப் பார்க்க ஒருவரை இருத்தினால், உங்கள் அனுமதியோடுதான் இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். கடல் கடந்து இருப்பவருக்கு ஆட்சியுரிமைச் சட்டத்தில் சில பாதுகாப்பு உண்டு, ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வருடக்கணக்காகும். அந்தத் தாளை எழுத ஒரு பின்னேரம் போதும்.