ஒரே பெயர் கொண்ட பாய்மரப் போர்க்கப்பல்களின் வரலாற்றை எழுதும் முறை

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பற்றிப் படிப்போர் கார்ன்வாலிஸ் என்ற பெயரைக் காணாமல் இருக்க முடியாது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல், பாரமகால் (கிருஷ்ணகிரி, தருமபுரி சார்ந்த பகுதி) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபோது அவரே கவர்னர் ஜெனரல். அவர் பெயர் தாங்கிய பாய்மரப் போர்க்கப்பல்களைப் பற்றி எழுத முற்படும் மாணவர், அப்பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் இருந்தன என்பதை அறியாமலே இடறுகிறார்.

தருமபுரிப் பக்கம் ஒரே ஊரில் நான்கு மாதையன்கள் இருந்தால், பட்டாவில் தந்தை பெயரைப் பார்த்தே ஆளை அடையாளம் காண்கிறோம். கப்பலுக்கு அந்தத் தந்தை பெயராக நிற்பது அது நீரில் இறக்கப்பட்ட ஆண்டு. ஆகவே கப்பலின் பெயரை எழுதும் ஒவ்வொரு முறையும் அருகில் அவ்வாண்டைக் குறிக்க வேண்டும். கட்டிய இடம் மட்டும் போதாது, ஏனெனில் இங்கு நாம் பேசும் இரண்டுமே பம்பாயில் தேக்கில் கட்டப்பட்டவை.

அடுத்து, கப்பலுக்கு ஒன்றாக அட்டை போட்டு, பீரங்கி எண்ணிக்கை, பெயர் மாற்றம், முடிவு ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். முதல் அட்டை: 1801இல் 'மார்க்விஸ் கார்ன்வாலிஸ்' என்ற பெயரில் கும்பினிக்காக இறக்கப்பட்டு, 1805இல் பிரித்தானியக் கடற்படை விலைக்கு வாங்கி, 1811இல் 'அக்பர்' எனப் பெயர் மாற்றியது. இரண்டாவது: 1813இல் ஜம்ஷெட்ஜி பொமஞ்சி வாடியா கட்டிய, 74 பீரங்கிகள் கொண்ட மூன்றாம் தரப் போர்க்கப்பல். (அக்காலத் தரவரிசையில் குறுகிய கரோனேடு பீரங்கிகள் பெரும்பாலும் கணக்கில் வராததால், அட்டையிலுள்ள எண்ணைக் கப்பலில் இருந்த மொத்தப் பீரங்கிகள் என்று கருதிவிடக் கூடாது.)

இனி நிகழ்ச்சிகளை ஆண்டு பார்த்துப் பிரிக்கலாம். பசிபிக் பெருங்கடலில் ஜான்ஸ்டன் பவளத்தீவுக்குப் பெயர் தந்த கேப்டன் ஜான்ஸ்டன் 1807இல் செலுத்தியது முதல் கப்பல். 1842இல், பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் இடையிலான அபினிப் போரை முடித்த நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது இரண்டாவதன் தளத்தில். அட்டைகள் இல்லாமல் எழுதிய என் முதல் படியில் இவ்விரண்டையும் ஒரே கப்பலின் சாதனைகளாகச் சேர்த்துவிட்டேன். ஆண்டுகளை வரிசையிட்ட பிறகுதான், 'அக்பர்' ஆகிவிட்ட கப்பல் நான்கிங்கில் அப்பெயரோடு நின்றிருக்க இயலாது என்பது தெரிந்தது.

1855இல் இரண்டாவது கப்பலுக்கு நீராவி இயந்திரம் பொருத்தப்பட்டதால், பாய்மரம் பற்றிய கட்டுரையை அங்கே நிறுத்தலாம். அட்டையில் மட்டும் 1957இல் அது உடைக்கப்பட்டது வரை குறித்து வையுங்கள். 1901இல் இறக்கப்பட்ட அதே பெயருடைய எஃகுப் போர்க்கப்பலுக்குத் தனி அட்டை வேண்டும்.